சோறு போடு

எங்கள் வீட்டில் வைஃபையைப் பார்த்துத்தான் சோறு போடுவார்கள். சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கு இன்னும் கேபிள் இணைப்பு வந்தபாடில்லை. வீட்டிலிருந்து நான் பார்த்த வேலையெல்லாம் அண்ணனுடைய போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடியது. படகைக் கரையில் இழுத்துப் போட்டதும் அதைப் போட்டுவிடுவான். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் ‘சோறு போடு’. என் லேப்டாப்பில் அந்தப் பெயர் வந்தால் நான் கத்துவேன், அண்ணி தட்டை எடுப்பாள்.

“வாயத் தொறந்து கேட்டா கொறைஞ்சா பூடுவாரு தொர?” என்று நொடித்துக்கொண்டேதான் எடுப்பாள்.

அன்று மதியமும் அப்படித்தான் பெயர் வந்தது, நான் கத்தினேன், லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு எழுந்து முகத்துவாரத்துப் பக்கம் மறுபடி போன அண்ணன் திரும்பவில்லை. படகு கிடைத்தது, வலை கிடைத்தது. அவனும் கிடைக்கவில்லை, அவன் போனும் கிடைக்கவில்லை.

நைனா காரியம் செய்துவிடலாம் என்றார். அண்ணி காது கொடுக்கவில்லை.

“உடம்ப கண்ணால பாக்காம தாலிய கழட்ட மாட்டேன் மாமா.”

வேளாவேளைக்கு அவன் தட்டில் சோறு வைத்து மூடுவாள். தன் தட்டில் கை வைக்கமாட்டாள். எலும்பும் தோலுமாகிக்கொண்டே வந்தாள். இன்னொரு சாவு விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

லேப்டாப் மூலையில் சார்ஜரோடு அப்படியே தூங்கிக் கிடந்தது. பல வாரம் கழித்து ஒரு காலையில் மூடியைத் திறந்தேன். ‘சோறு போடு’ என்று வந்தது. சிக்னல் முழுசாக இருந்தது.

பழக்கத்தில் கத்திவிட்டேன். அண்ணி எட்டிப் பார்த்தவள் முடியைக்கூட முடியாமல் கரைக்கு ஓடினாள். “இங்கதான் எங்கியோ கீறாரு!” என்று அவள் கத்தியதில் குப்பமே திரண்டு புதர் புதராகத் தேடியது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் திரையில் பெயர் மறைந்துவிட்டது. மூடித் திறந்தால் மறுபடி வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, போனது. அதிலிருந்து தினமும் காலையில் அண்ணி என் பக்கத்தில் வந்து நிற்பாள். “தொற தம்பி” என்பாள். பெயர் வந்ததும் சோறு வைப்பாள்.

ஒரு நாள் ஆபீசுக்குப் போகும்போது பொன்னேரியில் ரயில் ஏறி, அனுப்பம்பட்டு தாண்டியதும் மூடியைத் திறந்தேன். ‘சோறு போடு’. அதே முழு சிக்னல். கூட்டமான பெட்டியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என் பின்னாலேயே வருகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. வந்தால் வரட்டும் என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

பிறகுதான் சிக்னல் அளவைப் பார்த்தேன். வீட்டில் காட்டிய அதே எண். உயிரோடிருக்கும் சிக்னல் மூச்சு மாதிரி ஏறி இறங்கும். இது துளி அசையவில்லை.

என் வேலையே அதுதான். கணினியின் அடிமட்டமான கெர்னலுக்கும் வைஃபை அட்டைக்கும் நடுவில் பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதில் யாராவது கை வைத்தால் என்ன கெட்டது என்று நோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த லேப்டாப்பில் ஓடியது சோதனைக்கு வந்த புது டிரைவர். தூக்கத்திலிருந்து எழுந்ததும் சட்டென்று இணைய வேண்டுமென்று, கடைசியாகக் கேட்ட பெயர்களை அட்டையே ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பழைய பெயரை அட்டை மறக்கவேயில்லை. டிரைவரும் அதை வாங்கி, இப்போதுதான் கேட்டது என்று நேரம் போட்டுக் காட்டியது. முழுசாக அணைத்தால்தான் அட்டைக்கு மறதி வரும். திருத்தம் சின்னதுதான். அதைப் போட அணைத்தாக வேண்டும்.

யாரிடமும் சொல்லாமல் அணைத்துவிட்டு, காணோம் என்றிருக்கலாம். மனசு வரவில்லை. அன்று மாலையே அண்ணியிடம் சொன்னேன்.

“அப்போ அவரு இல்லியா?”

“இது அன்னிக்கு மத்தியானம் வந்த சிக்னல் அண்ணி. மெஷினு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிகினு கீது.”

“அணைச்சா பூடுமா?”

“பூடும். திரும்ப வராது.”

அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு, இறால் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். “ஒரு தபா தொற” என்றாள். பெயர் வந்தது. மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். “அணை” என்றாள்.

அணைத்தேன். திருத்தத்தைப் போட்டேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு போன் வேண்டும். அண்ணி தன்னுடையதை நீட்டினாள். “அவரு பேரு வெக்காதே” என்றாள். ஹாட்ஸ்பாட்டுக்கு வாய்க்கு வந்த ஒரு பெயரை வைத்தேன். அது திரையில் வந்ததும் லேப்டாப்பை மூடி, போனை அணைத்துக் காத்திருந்துவிட்டு மறுபடி திறந்தேன். எதுவும் வரவில்லை.

“வர்லியே தம்பி.”

“வர்ல அண்ணி. வரக் கூடாது. அதான் சரி.”

அண்ணி அண்ணனுக்கு வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கவளம் வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு வாசலில் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்துச் சொன்னாள்.

“மாமா, காரியத்துக்கு நாள் பாருங்க.”