அவளுக்காகச் சிரிக்க வந்தவர்கள்

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று இருபத்தெட்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். அடுத்தவர் பேசும்போது ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை என்பதால், பேச்சில் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது. யார் எதைப் பேசினாலும் என் காது கரகரப்பைத்தான் தேடும். அப்படிப்பட்ட நானே வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றது ஒரு பெண்ணிடம்தான். பிறகு அவளுடைய அம்மாவிடம்.

பதினோரு வருஷம் முன்பு, இங்கே ஒரு மண்டபத்தில் வரவேற்பு. பாட்டுக் கச்சேரிக்காரர்களின் வேன் அரக்கோணம் அருகே நின்றுவிட்டது. கூட்டம் பொறுமை இழந்துகொண்டிருந்தது. அப்போது ஒல்லியாக, கறுப்பாக ஒரு பெண் மேடைக்கு வந்தாள். கல்யாணப் பெண்ணின் தோழி. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் வீடு.

"அண்ணா, மைக்கு ஆன்ல இருக்குதா?"

"ஆங், இருக்குது. பாடுவியாமா?"

"பாட்டெல்லாம் வராதுண்ணா. சும்மா பேசறேன்."

பேசினாள். "எங்க ஊர்ல சண்ட போடணும்னா கரண்டு போவணும். தறி ஓடிகினு இருந்தா எவ திட்டறது எவ காதுல வுழும்? பன்னெண்டு மணிக்கு கரண்டு கட்டு. தெருவே சண்ட போடும். ஒரு மணிக்கு கரண்டு வந்துச்சின்னா, பாதி கெட்ட வார்த்தையோட நிறுத்திட்டு தறிக்கு ஓடிடுவாங்க. மறுநாளு கரண்டு போனதும் மீதி வார்த்தையில இருந்து ஆரம்பிப்பாங்க."

முன்வரிசை குலுங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் வேகமாக வந்தார். "இன்னாப்பா இது, பொம்பளப் புள்ள சபையில நின்னுகினு? நிறுத்துப்பா." வாடகைக்கு வந்தவன் நான். சத்தத்தைக் குறைத்தேன்.

அவள் கவனித்தாள். ஆனால் நிறுத்தவில்லை. வாயை அகலமாகத் திறந்து, புருவத்தாலும் கையாலும் பேச ஆரம்பித்தாள். தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம். மோட்டார் ஓடும்போது அங்கே உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். எதுவும் காதில் விழாத கடைசி வரிசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். நானே சத்தத்தைக் கூட்டினேன். தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இடுப்பில் கை வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் சென்னையில் மேடை ஏறினாள். ஸ்டாண்ட்-அப் காமெடி என்ற பெயரே எங்களுக்கு அவளால்தான் தெரியும். சினிமாவில் எங்கள் பேச்சைக் கேலிக்குத்தான் வைப்பார்கள். திருடனும் குடிகாரனும்தான் 'வந்துகினு, போய்கினு' என்பார்கள். அவள் அதே பேச்சில் ஒண்டியாக நின்று ஒன்றரை மணி நேரம் பேசினாள். பெண் பார்க்கும் படலம், மாதவிலக்கு நாளில் தறி ஓட்டுவது, வீட்டில் சொல்லக்கூட வாய் வராத சங்கதிகள் எல்லாவற்றையும் பேசினாள். அவளுக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பெண் யாரும் அப்படி நின்றதில்லை. இப்போது நாலைந்து பேர் நிற்கிறார்கள்.

அவளுடைய பாதிக் கதைகளில் அவள் அம்மாதான் ஆள். ரொம்பப் பேர் பார்த்தது பஜ்ஜிக் கதை. பெண் பார்க்க வந்தவர்கள், இவர்களுக்குப் புரியாது என்று நினைத்து, "பில்ல நலுப்பு" என்று தெலுங்கில் பேசிக்கொள்கிறார்கள். பெண் கறுப்பு என்கிறார்கள். "ஆந்திராவுக்கு நடந்து போய் கறிவேப்பில வாங்கினு வர்ற ஊர்ல வந்து தெலுங்குல ரகசியம் பேசறாங்க" என்பாள். உடனே அம்மா பஜ்ஜித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அந்த நடையை அவள் நடந்து காட்டும்போது அரங்கமே எழுந்து நிற்கும்.

அந்த வீடியோ சொந்தக்காரர்களிடம் வந்ததும், குடும்ப மானம் போயிற்று என்று பேச்சு கிளம்பியது. அம்மா அதைப் பார்க்கவில்லை. மகளின் எந்த வீடியோவையும் பார்க்கவில்லை. போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி என்று அவளுடைய அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

போன வருஷம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. முடி கொட்டியதும் தலையில் துணிகூடக் கட்டாமல் மேடைக்கு வந்தாள். "திருத்தணிக்காரிக்கு மொட்ட புதுசா? முருகன் மூணு வாட்டி என் முடிய வாங்கிட்டான். நாலாவது வாட்டி டாக்டர அனுப்பி வாங்கிகினான்." கடைசி இரண்டு மாதம் அம்மா ஆஸ்பத்திரியிலேயே கூட இருந்தார். மகளின் மேடைப் பேச்சைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் செத்த செய்தி வந்த அன்று எதிர்க்கடையில் பூக்கட்டும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நேர்ல ஒரு வாட்டிகூடப் பாத்ததில்லப்பா. ஆனா என் வூட்டுல நடக்கறது அவளுக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணன் ஒரே ஒரு மைக் கேட்டிருந்தார். ரசிகர்கள் கொஞ்சம் பேர் வருவதாகச் சொன்னார்களாம். நான் போய் ஸ்பீக்கரைக் கட்டி முடிப்பதற்குள் தெரு நிறைந்துவிட்டது. திருத்தணி ரயில் நிலையத்தில் ஆட்டோக்காரர்கள் வழக்கம்போல "மலைக்கா?" என்று கேட்க, எல்லோரும் பொதட்டூர்பேட்டை பஸ் எங்கே என்று கேட்டார்களாம். சாப்பாடு கொண்டுபோகும் கம்பெனியின் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பையன் வந்திருந்தான். பர்தா போட்ட ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். வேலூரிலிருந்து பள்ளிக்கூட டீச்சர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே வீட்டுச் சாவுக்கு வந்தவர்கள்போல மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று தலையும் மொட்டை, ஈரச் சந்தனம். காலையில் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார்கள். தெருவில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள்.

அவளுடைய அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் ஒரு பெண்ணின் தலையைத் தொட்டார்.

"எதுக்குமா?"

"அக்காவுக்காக ஆன்ட்டி."

அம்மா மூன்று தலைகளையும் தடவினார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "என்னப் பத்தி அவ இன்னா சொன்னா? யாராச்சும் சொல்லுங்க" என்றார்.

அண்ணன், "வேணாம்மா" என்றார். "நீ சும்மா இரு. இத்தினி பேரு எம் பொண்ணு கத தெரிஞ்சவங்க. எனக்குத்தான் தெரியல" என்றார் அம்மா.

சாப்பாட்டுக் கம்பெனிப் பையன்தான் தயங்கித் தயங்கி மைக்கை வாங்கினான். பஜ்ஜிக் கதையைச் சொன்னான். அவளைப்போல அவனுக்கு வரவில்லை. கறிவேப்பிலை வரி வந்தபோது கூட்டமே சேர்ந்து அதைச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அம்மாவின் முகத்தையே பார்த்தார்கள்.

அம்மா கை நீட்டி மைக்கை வாங்கினார்.

"பொய்யி," என்றார். "நான் எங்க தட்டப் புடுங்கினேன்? அவங்க எதிர்லயே உக்காந்தேன். ஒரு பஜ்ஜி எடுத்துத் தின்னேன். இன்னொண்ணு எடுத்தேன். அந்தப் பையனோட அம்மா கை நீட்டிச்சி. நான் தட்ட மடியில வச்சிகினேன். பன்னெண்டு பஜ்ஜி. ஒண்ணு வுடாம தின்னேன். அவங்க பாத்துகினே இருந்தாங்க. கடைசியில தெலுங்குல சொன்னேன்: எங்க வூட்டு பஜ்ஜி கூடக் கறுப்புத்தாங்க, உங்களுக்கு எப்டிப் புடிக்கும்?"

சொன்னபோது அவர் வெறுமனே சொல்லவில்லை. மடியில் இல்லாத தட்டை அணைத்துக்கொண்டார். வாயில் இல்லாத பஜ்ஜியை மென்றார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். ஐந்தாவது பஜ்ஜிக்கு யாரோ பொறுக்க முடியாமல் வெடித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது. டீச்சர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு கண்ணீர் வழியச் சிரித்தார்கள். மாடியில் நின்றவர்கள் கைப்பிடிச் சுவரைத் தட்டினார்கள். நான் ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புருவம், அந்த உதடு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்கிற அந்தக் கணக்கு எல்லாமே நாற்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு நடுவே இந்த வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டிக்கெட் எடுத்து நாங்கள் கேட்டதை, அவள் குழந்தையாக இருந்தபோது தினமும் கேட்டிருக்கிறாள்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அம்மா மைக்கைக் கீழே வைக்கவில்லை. "அவ கதவாண்ட நின்னு பாத்துகினு இருந்தா. அவங்க போனதும் கீழ உக்காந்து சிரிச்சா பாருங்க, மூச்சு வாங்காம சிரிச்சா. ரெண்டு நாளு எனக்கு வயித்து வலி. ஓம வாட்டர் கொண்டாந்து குடுத்துகினே சிரிச்சா." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஊருக்குச் சொல்றப்போ தட்டப் புடுங்கினேன்னு மாத்திட்டா. அம்மாவத் தின்னிப் பண்டாரம்னு நினைச்சிடுவாங்கன்னு இருக்கும்."

மொட்டையடித்த பெண்களில் ஒருத்தி ஓவென்று அழுதாள். அம்மா மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுது பார்த்தேன். பதினாறு நாளில் அப்போதுதான் அழுதார் என்று அண்ணன் சொன்னார்.

அப்புறம் வரிசையாக ஆட்கள் வந்து பேசினார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஆங், அது நெசந்தான்" என்றும் "அதுல பாதி அவ கட்டினது" என்றும் சொல்லிக்கொண்டே வந்தார். பந்தி போட்டபோது மூன்று மணி. வந்தவர்கள் யாரையும் சாப்பிடாமல் பஸ் ஏற விடவில்லை.

ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவியிடம் பஜ்ஜிக் கதையை அம்மா சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. புருவத்தைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டாள்.

"பாவம் அந்தம்மா," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.