ஊசிக்கைப் பக்கம்

பணிமனையில் அவருக்கு வைத்த பெயர் பொறுமை. இருபத்து நான்கு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் ஹாரன் அடித்துக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முன்னால் தண்ணீர் லாரி குறுக்கே நின்றாலும், பல் டாக்டர் வாசலில் முறை வருவதற்காகக் காத்திருப்பவரைப் போல ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவசரக்காரப் பயணிகள் அந்தப் பெயரைக் கொஞ்சம் திருத்தி எருமை என்று கூப்பிடுவார்கள். அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்ததும் பணிமனையே கூடிவிட்டது. குடும்பத்தோடு கடல் பார்க்கப் போகிறேன் என்றார். அவரோடு ஒன்பது வருடமாக ஓடும் கண்டக்டர் மட்டும், "பொறுமை கடலினும் பெரிதுன்னு சொல்றாங்க. நீங்க எதுக்குண்ணே கடலைத் தேடிப் போறீங்க, கண்ணாடியப் பாத்தாப் போதாதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவனும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லீவு எதற்கு என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், பட்டப்பகல் மூன்று மணிக்கு, பயணிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோகும்போது அவருக்குக் கண் மூடிவிட்டது. கொட்டாவி விட்டு, கண்ணைக் கசக்கி, சொல்லிக்கொண்டு வருகிற தூக்கம் இல்லை அது. மருந்துக்கடைப் பலகையைப் பார்த்தார். அடுத்துப் பார்க்கும்போது பேருந்தின் மூக்கு ஒரு பள்ளிக்கூடச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. நடுவில் இருந்த நாற்பது அடி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. பள்ளி விட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரம்தான் அவரைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் நல்ல மனுஷன். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டான். என்ன நிறம் என்று அதிகாரி கேட்க, யோசிக்காமல் பழுப்பு என்றான். அன்றிலிருந்து அந்த நாய் தீனி போடாமலே வளர்ந்தது. வீட்டுக்கு வருவதற்குள் கன்றுக்குட்டி அளவு ஆகியிருந்தது. மனைவி தினமும் அதற்கு ஒரு சாபம் விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் அதை அதே தெருவில் தானும் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்.

அதற்கப்புறம் வண்டி ஓட்டிய நாட்களில் தொடையைக் கிள்ளிக் கிள்ளி ஓட்டினார். தொடை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மறுபடியும் அந்த சீட்டில் ஏற வேண்டும். ஏறலாமா, கூடாதா? பணிமனை டாக்டரிடம் சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். அது போனால் கையை என்ன செய்வது என்றுகூட அவருக்குத் தெரியாது. சொல்லாவிட்டால், அந்த அரை மணி நேரம். இதை வீட்டில் யாரிடமும் பேச முடியாமல்தான் கடல் என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருந்தார்.

கார் தம்பியுடையது. தம்பிக்கு வேறு ஊரில் போன் பழுதுபார்க்கும் கடை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். பேசுவது போலவே ஓட்டுவான், நடுவில் மூச்சு விட மாட்டான். அண்ணன் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது, நீயே ஓட்டு என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கடலுக்கு இரண்டு வழி. ஒன்று நகரத்தின் வயிற்றுக்குள் புகுந்து போவது. அதைத்தான் அவர் தினமும் ஆறு தடவை செய்கிறார், லீவு நாளிலும் அதே சிக்னல்களின் மூஞ்சியில் விழிக்க அவர் தயாராக இல்லை. இன்னொன்று நெடுஞ்சாலை. அதை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி மூன்று வருடமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நூறு அடிக்கு ஒரு பலகை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. மூணு வருஷமா வருந்துறாங்க, திருந்தத்தான் மாட்டேங்கிறாங்க என்பது பணிமனையில் பழைய நகைச்சுவை.

தம்பியின் போன் நெடுஞ்சாலையைத்தான் காட்டியது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் போனு மேல இருந்து பாக்குதுடா. குழி கீழ இருக்கு."

மூன்றாவதாக ஒரு வழியை அவரே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். ஏரிக்கரை, செங்கல் சூளை, கல்குவாரி என்று நாற்பது கிலோமீட்டர் சுற்று. சுற்றினாலும் சுகமாகப் போகலாம். காகிதத்தைப் படித்து வழி சொல்லும் வேலை முன்சீட்டில் மனைவிக்கு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் மனைவிக்கு இடது வலது தகராறு. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, பேண்ட் குட்டையாக்குவது, ஜாக்கெட் பிரிப்பது என்று பதினாறு வருடமாகத் தைக்கிறாள். பிறக்கும்போது இடக்கைக்காரி. அடித்து, திட்டி, அந்தக் கையைக் கட்டிப்போட்டு மாற்றிவிட்டார்கள். எழுதுவது, சாப்பிடுவது, கரண்டி பிடிப்பது எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டது. ஊசி மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் இடது கையிலேயே தங்கிவிட்டது. எந்தப் பக்கம் என்று திடீரென்று கேட்டால் அடி வாங்கிய கை எது என்று யோசித்துத்தான் சொல்லுவாள். அதற்குள் வண்டி திருப்பத்தைத் தாண்டிவிடும். ஆகவே அந்த வீட்டில் இடது வலது கிடையாது. ஊசிக்கைப் பக்கம், துணிக்கைப் பக்கம். பதினாறு வயது மகள் சைக்கிள் கற்றுக்கொண்டதே இந்தப் பாஷையில்தான். மனைவிக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று காகிதத்திலும் அவர் அப்படியே எழுதியிருந்தார்.

தம்பிக்கு அண்ணி சோறு போடும் கை தெரியும். ஊசி பிடிக்கும் கையை அவன் பார்த்ததில்லை. அதை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் கிளம்பினார்கள். பின்சீட்டில் உட்கார்ந்த பொறுமைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேருந்து நிறுத்தம் வரும்போதெல்லாம் வலது கால் தரையை அழுத்தியது. பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, காலை எடுங்க. பிரேக் அங்க இல்ல," என்றாள். எடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் கால் தானாகப் போய்விட்டது. ஏரிக்கரை வந்தது. ஜன்னலில் காற்று வந்தது. தான் ஓட்டாத ஒரு வண்டியில், தூங்கத் தகுந்த ஒரு சீட்டில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

நடந்தது அவருக்குப் பிற்பாடு தெரிந்த கதை. சூளையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. மனைவி காகிதத்தைப் பார்த்து ஊசிக்கைப் பக்கம் என்று படித்தாள். தம்பி வலது பக்கம் ஒடித்தான். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு ஏதோ இடித்தது. ஊசிக்கை என்றுதானே சொன்னேன் என்றாள். ஆமா அண்ணி, ஊசிக்கைதான் திரும்பியிருக்கேன் என்றான். நாற்பது வருடமாக, உனக்குத்தான் பக்கம் தெரியாதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள். மகள் காதில் பாட்டு.

தார் வாசனையில் அவருக்கு விழிப்பு வந்தது. எதிரே ஒரு பலகை வருந்திக்கொண்டிருந்தது.

எந்த நெடுஞ்சாலைக்குப் பயந்து நாற்பது கிலோமீட்டர் சுற்றினார்களோ, அதன் நடுவயிற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மண்மேடு. இன்னொரு பக்கம் ஆள் உயரப் பள்ளம், அதில் கம்பிகள் குத்திட்டு நின்றன. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் பாதை. எதிரே ஒரு சிமெண்டுக் கலவை லாரி உருளையைச் சுழற்றிக்கொண்டு நின்றது. கொடி பிடிக்கிற ஆள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் தம்பி புகுந்துவிட்டானாம். அந்த ஆள் ஓடிவந்து, லாரிக்குப் பின்னால் பதினோரு வண்டி நிற்கிறது, நீங்கள்தான் பின்னால் போக வேண்டும், அந்த மஞ்சள் டிரம் வரைக்கும் என்றார். மஞ்சள் டிரம் தூரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி தெரிந்தது.

தம்பி பத்து மீட்டர் பின்னால் எடுத்தான். பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டு மண் சரிந்தது. எஞ்சினை நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது. மூச்சு விடாமல் பேசுகிறவன் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டான்.

"அண்ணே, தோள்பட்டை இப்ப எப்படி இருக்கு?"

பொறுமை இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் இறங்கி மண்மேட்டு ஓரமாக நடந்து வரச் சொன்னார். தம்பி எதற்கு என்றான். மகள் வெயில் என்றாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி கடைசியாக இறங்கினாள். இறங்கும்போது அவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கினாள்.

இருபது நிமிடம் ஆயிற்று. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அங்குலம் அங்குலமாக, ஒரு தடவைகூட முன்னால் போய்த் திருத்தாமல் எடுத்தார். கன்னத்தின் உட்புறத்தைப் பல்லால் கடித்துக்கொண்டே எடுத்ததில் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. லாரி ஹாரன் அடித்தபடி முன்னால் வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் டிரம்முக்குப் பின்னால், ஒரு வேப்பமர நிழலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்க லாரிக்காரங்களே இப்படி எடுக்க மாட்டாங்க என்று கொடிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். தம்பி தோள்பட்டை நாடகத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். இவ்வளவு சுத்தமாக ஓட்டுகிற ஆளுக்கு டிரைவர் வைத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்றான்.

சிரித்துவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். முன்னூறு மீட்டர் பின்னால் எடுத்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு திங்கட்கிழமை ஏறியிருக்கலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். ஆனால் பயம் இருக்கும்போது யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஆறாவது நடையில், அலுத்துச் சலித்த மதியத்தில், பயமும் சேர்ந்து தூங்கிவிடுகிறதே.

மனைவி விடுவதாக இல்லை.

"எங்கள எதுக்கு எறக்கி விட்டீங்க?"

அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார். மருந்துக்கடைப் பலகை, நாற்பது அடி, சுவர், அரை மணி நேரம். எல்லாம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் சுமந்தது இவ்வளவு சின்னதா என்று அவருக்கே ஆச்சரியம்.

"அப்ப அந்தப் பழுப்பு நாய்?" என்றான் தம்பி.

"நாயே இல்லடா. நிறம் கண்டக்டர் குடுத்தது."

மகள் காதில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். ஐந்தாவது வரைக்கும் அவள் படித்த பள்ளிக்கூடம்தான். அவள் வந்து அப்பாவின் பக்கத்தில் கதவில் சாய்ந்து நின்றாள்.

லாரிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. பதினோரு வண்டியும் போய் முடிந்ததும்தான் மனைவி வாயைத் திறந்தாள்.

"பன்னெண்டு நாளா இல்லாத நாயத் திட்டித் திட்டி என் நாக்கு தேஞ்சு போச்சு. பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரல."

"சொன்னா நீ பயப்படுவே."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா? திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

"வண்டிய விட்டு எறக்கிடுவாங்க."

"நீங்க எங்கள எறக்கலையா?"

எதற்காக இறக்கினார் என்று அவருக்குத் தெரியும். அதே காரணத்துக்காக அவரை யாராவது இறக்கினால் அதை எந்த வாயால் தப்பு என்று சொல்வது? "நானே சொல்றேன்," என்றார். சொல்லிவிட்டு இருமினார், அவர்களும் இருமலைத்தான் கேட்டதாகக் காட்டிக்கொண்டார்கள்.

இன்னும் நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கிறது, இப்போது கிளம்பினால் வெளிச்சத்தோடு போய்விடலாம் என்று தம்பி கணக்குச் சொன்னான். யாரும் அசையவில்லை. மனைவி பின்சீட்டைக் காட்டி, படுங்க என்று மட்டும் சொன்னாள். கால் நீட்ட இடம் போதாமல் கதவைத் திறந்து வைத்து, முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்க, அவர் படுத்தார். தூரத்தில் ஏதோ இயந்திரம் கல்லை உடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டார்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து முகத்தில் புழுதியோடு தூங்கினாள். முன்சீட்டில் மனைவியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மூன்று பேரும் எப்போது இப்படிக் களைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தான் களைப்பு என்று நினைத்திருந்தவர்.

பழக்க தோஷம், கை சாவியைத் தேடியது. தம்பியின் முன்னால் இல்லை. மனைவி அதை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வளையம் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் அதைத் தொடவில்லை. மகளின் துண்டில் ஊர்ந்த எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டு, அவர்கள் எழுந்திருக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.