மண்ணாடிப்பட்டுக்கு நான் எடுத்துப்போன சால்வை

கடலோரத்தில் இருந்த எங்கள் குழந்தைகள் இல்லத்தைக் கடல் அரிக்கத் தொடங்கியபோது, எங்களை மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். அப்பா அம்மா இல்லாமல் அங்கே வளர்ந்த எங்கள் கதையை, வளர்ந்தபின் நாங்களே சேர்த்து வைக்கிறோம். பழைய படங்கள் தந்து உதவியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லத்தான் பொங்கல் கழிந்த ஞாயிறன்று கிளம்பினேன். மனசில் வேறொரு பாரமும் இருந்தது. மகளுக்கு நாலு வயசாகியும் காது குத்தவில்லை. மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டுமே, எனக்கு ஏது கூடப்பிறந்தவன்? மாமியார் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் அடுப்படிக்குள் நழுவிவிடுவேன்.

புதுச்சேரியில் காலை ஏழரைக்கு விழுப்புரம் பஸ். மதகடிப்பட்டுக்கு முக்கால் மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். இருநூற்றைம்பது கேட்டவர் இருநூறுக்கு இறங்கினார். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் பொறுமை வேண்டும், எனக்கு அது கிடையாது.

"யாரு வூட்டுக்குமா?"

"ஏழுமலை ஐயா வீட்டுக்கு."

"கரும்புக்காரரா? சாப்புடாம வுட மாட்டாரு."

ஏழுமலை வாசலிலேயே நின்றார். "நீங்க குடுத்த படங்களுக்கு ரொம்ப நன்றி ஐயா" என்று சால்வையைப் போர்த்தினேன். மனுஷர் முகம் சுருங்கிப்போனது. மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இன்னாடி இது? வெளியாளுக்குப் போடறத எனக்குப் போடற?"

உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி வந்தார். எங்களுக்குத் தராத ஒரே படம். அம்மன் கோயில் வாசலில் கறுப்பு மீசையோடு அவர். மடியில் மொட்டைத் தலையோடு வாயைப் பிளந்து அழும் ஒரு பெண் குழந்தை.

"நீதான். இல்லத்துப் புள்ளைங்க காதுகுத்துக்கு ஊர்ல ஆளுக்கொரு புள்ளய மடியில வச்சிக்கினோம். உன்ன நான் வச்சிருந்தேன். மாமனுக்கு எவளாவது சால்வ போடுவாளா? மாமன்தான்டி சீர் வைக்கணும்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகள் விஷயத்தை உளறிக் கொட்டிவிட்டேன்.

"ஒனக்கு அண்ணன் தம்பி இல்லன்னா இன்னா, மாமன் இல்ல? நானே ஒக்கார்றேன். வயசானா மடி சின்னதாப் பூடுமா?"

இப்படி நன்றி சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள், மதியச் சாப்பாடு முடியாமல் கிளம்ப முடியாது. திருக்கனூர் போய்விட்டால் திரும்ப பஸ் உண்டு. சந்தோஷத்தில் எதைச் சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள், நினைவில்லை.

கை கழுவியதுமே மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்த, பாப்பாவுக்கு நாள் பாருங்க. எங்க மாமா கேக்கறாரு."