ஒல்லி டயர் போகும் வழி

வாலாஜாபாத் டீக்கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது யூசுப் போன் செய்தான். "டேய் விக்கி, பிரகாஷ லாரி அடிச்சிடுச்சுடா." நான் கேட்ட முதல் கேள்வி: "பஞ்சர் அவனுக்கா, வண்டிக்கா?" கேட்டுவிட்டு நானே சிரித்தேன். "சூப்பரா நடிக்கிறபா, அப்டியே கொஞ்சம் அழு பாக்கலாம்" என்றும் சொன்னேன். அவன் அழுதுகொண்டுதான் இருந்தான். எனக்கு அது உறைப்பதற்குள் கடைக்காரர் மூன்று டீயையும் மேசையில் வைத்துவிட்டார்.

நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் பிரகாஷைத் தெரியாதவர் இல்லை. பிள்ளையார்பாளையத்துக்காரன், பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவர் டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டான். அதனால் 'பிரஷர்' என்று பெயர் வைத்தேன். அவன் அப்பாவுக்கு பிரஷர், நமக்கு அவனே பிரஷர். இதை அவன் அப்பா எதிரிலேயே சொல்லி, அவரும் சிரித்திருக்கிறார்.

நம் ஊரில் சைக்கிள் டயர் கல் மாதிரி இருக்க வேண்டும். காற்றடிக்கிற கடைக்காரரும் அதையே சொல்வார், என் அப்பாவும் அதையே சொல்வார். பிரகாஷ் மட்டும் மண்பாதையில் இறங்குமுன் காற்றைக் குறைப்பான். ஒருநாள் திருப்பருத்திக்குன்றத்துக்குப் பின்னால் வேகவதிக் கரையில் அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அவன் டயர் இரண்டிலும் மூச்சு முட்டும் மட்டும் காற்றடித்து வைத்தேன். திரும்பி வந்து ஏறியவன் பத்தடி போவதற்குள் மணலில் விழுந்தான்.

"யார்டா என் வண்டிக்கு பிரஷர் ஏத்துனது?"

"நீ எல்லாருக்கும் ஏத்தறியே, ஒரு சேஞ்சுக்குப்பா."

"சிரி, நல்லா சிரி. கல்ல கல்லு மேல உருட்டுனா இன்னா ஆவும்? துள்ளும். டயரு கொஞ்சம் அமுங்கணும்டா, அப்பதான் மண்ண புடிக்கும். பட்டு ஊர்ல பொறந்துட்டு பட்டும் திருந்தாத ஜென்மம்டா நீ."

முழங்காலில் ரத்தம் வழிய வழிய வால்வைத் திறந்து காற்றை விட்டான். அடுத்த ஞாயிறு என் சீட் மட்டும் எப்படியோ நாலு விரல் இறங்கியிருந்தது. மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற குழந்தை மாதிரி ஊர் சிரிக்கப் போனேன். தன் வேலைதான் என்று அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

டயர் விஷயத்தில் அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது. தார் ரோட்டுக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலம் போதும், சரளைக்கும் மணலுக்கும் குறைந்தது நாற்பது வேண்டும் என்பான். "கடைல போய் டயர பாக்காதடா. போற பாதைய பாத்துட்டு அப்பறம் கடைக்குப் போ" என்பான்.

இன்னொரு சட்டமும் அவன் போட்டதுதான்: கூட்டத்தில் எவன் டயர் ஒல்லியோ, வழி அவனுடையது. ஒருமுறை நான் தடி டயர் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி வந்திருக்க, யூசுப் தன் பழைய ஒல்லி டயர் சைக்கிளில் வந்தபோது, ஒரு வாரமாகப் பேசிவைத்த பாலாற்றங்கரைப் பயணத்தை பிரகாஷ் அங்கேயே மாற்றினான். நான் முனகினேன். "அவன் மணல்ல தள்ளிக்கினு வருவான், நாம முன்னாடி பறக்கறதா? அப்பறம் இன்னாத்துக்குடா கூட்டம்?" என்றான்.

இத்தனைக்கும் வாலாஜாபாத் தார் ரோடு அவனுக்கு ஆகாது. லாரிகளுக்குப் பயந்துதான் ஆற்றங்கரைப் பாதையையே தேடிப் பிடித்தான். என்னிடம் இருந்தது ஒல்லி டயர். மண்பாதைக்கான பட்டன் டயர் வாங்கு என்று இரண்டு மாதம் நச்சரித்து, வாங்க வைத்து, என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவனே மாட்டியும் கொடுத்தான். அதற்குப் பின் இரண்டு ஞாயிறு ஆற்றங்கரையில் போனோம். இரண்டு தடவையும் நான்தான் கடைசி.

இனி எழுதப் போவது உங்களில் யாருக்கும் தெரியாது. தார் ரோட்டில் நான்தான் எப்போதும் முதல். அதனால் லாரி அடித்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், பட்டன் டயர்களைக் கழற்றிவிட்டுப் பழைய ஒல்லி டயர்களை மாட்டினேன். சட்டம் எனக்குத் தெரியும். வழி என்னுடையதாகும், தடி டயர்க்காரர்கள் பிரகாஷும் யூசுப்பும் தாரில் இழுக்க முடியாமல் வருவார்கள், நான் முன்னால் போய் டீ சொல்லிவிட்டுக் கலாய்க்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

"இன்னாடா, பட்டன் எங்க?" என்றான் பிரகாஷ் மறுநாள் காலை.

"சட்டைல இருக்குது."

"டேய்."

"பஞ்சர்பா. ரெண்டும்."

"ரெண்டுமேவா?"

குனிந்து என் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். ஆற்றுப் பக்கம் பிரிகிற பாதையை ஒருமுறை பார்த்தான். "சரி, ரோட்லயே போலாம்" என்றான்.

யூசுப், ஆஸ்பத்திரி வாசலில் நீ கேட்டபோதும் பஞ்சர் என்றுதான் சொன்னேன். பொய். பட்டன் டயர்கள் என் கட்டிலுக்கடியில் ஒரு முள்கூடப் படாமல் கிடக்கின்றன. வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு ஜோக் வந்து விழுகிறவன் நான். பிரகாஷ் வீட்டில் மட்டும் ஒரு சொல் வருவதில்லை. அவன் அம்மாவிடம் சொல்வதற்காக மூன்று முறை போனேன். மூன்று முறையும் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது சொல்வதற்குள் நானே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சொன்னாலும் எதுவும் திரும்பப் போவதில்லை.

மூன்றாம் முறை போனபோது, அவன் சீட்டுக்கடியில் கட்டியிருந்த சின்னப் பையை அம்மா என் கையில் கொடுத்தார்கள். "இத நீ வச்சிக்கோபா. இங்க யாரு சைக்கிள் ஓட்டப்போறா?" என்றார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். கைப்பம்பு, ஒட்டுப்போடும் ரப்பர், வேலிக்காத்தான் முள் எடுக்க ஒரு முள்வாங்கி, இரண்டு டியூப். ஒன்று நாற்பது, அவன் சக்கரத்துக்கு. மற்றது இருபத்தெட்டு. வழக்கமாக ஒல்லி டயர் ஓட்டுகிறவன் நம் கூட்டத்தில் நான் ஒருவன்தான், நான் மாற்று டியூப் எடுத்து வருகிறவனும் இல்லை. எனக்குப் பட்டன் டயர் மாட்டிக்கொடுத்த பிறகும் அதை அவன் பையிலிருந்து எடுக்கவில்லை. மறந்துவிட்டானா, என்னைத் தெரிந்துதான் வைத்திருந்தானா என்று கேட்க ஆள் இல்லை. அந்த டியூப் என்னிடம் இருக்கிறது. இன்னும் மடிப்புப் பிரிக்கவில்லை.