ஆர்விட் நீமி பல் டாக்டரைத் திட்டிய கதை

எங்கள் டுலூத் நகரத்து ஜாஸ் இசைக்கு ஆர்விட் நீமி ஆயுள் முழுவதும் தொண்டு செய்தார். ஞாயிறு மாலைகளில் வானொலியில் இசைத்தட்டு போடுவார். வியாழன்தோறும் பத்திரிகையில் விமர்சனம் எழுதுவார். வானொலியில் இசையைவிட, வாசித்தவரின் பிறந்த ஊர், மணமுறிவு ஆகியவற்றுக்கே அதிக நேரம் ஒதுக்கினார். நாங்கள் குறை சொன்னதில்லை.

விமர்சனத்தில் அவருக்கொரு தர்மம் இருந்தது. நியூயார்க், சிகாகோவிலிருந்து வருபவர்களின் தோலை உரிப்பார், உள்ளூர்க்காரர்களைப் பாராட்டுவார். காரணம் முழுக்க அழகியல்தான். சிகாகோக்காரர் மறுநாள் கிளம்பிவிடுவார். உள்ளூர் சாக்ஸபோன்காரரோ, குளிர்காலம் முழுக்க ஆர்விட்டின் தெருவில் பனி அகற்றும் வண்டியை ஓட்டுபவர்.

இந்தத் தர்மத்தின் விளைச்சல்தான் பல் டாக்டர் கோர்டன் ஹால்வர்சன். அவர் டிரம்பெட் வாசிப்பார். அதாவது, டிரம்பெட் அவர் வாயில் இருக்கும். அவருடைய சுருதி "தனித்துவமானது" என்று ஆர்விட் பலமுறை எழுதியிருக்கிறார்.

ஒரு மார்ச் மாதம் டாக்டரின் மனைவி மார்லிஸ், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒரு காட்டரிசிப் பதார்த்தத்தை எடுத்துக்கொண்டு ஆர்விட் வீட்டுக்கு வந்தார். கிளினிக்கை விற்றுவிட்டு ஊர் ஊராக வாசிக்கப் போவதாக டாக்டர் முடிவெடுத்திருந்தார். வாங்க ஆளும் வந்தாயிற்று. விற்றுவிட்டால், அறுபது வயதில் திரும்பிவர வேறு தொழில் இல்லை.

"நீங்க எழுதினத நம்பித்தான் அவரு கெளம்புறாரு ஆர்விட். சனிக்கிழமை கச்சேரிக்கு வந்துட்டு, ஒரே ஒரு தடவ உண்மைய எழுதிடுங்க."

"உண்மைன்னா… எவ்வளவு?"

"போன கச்சேரியில உங்க வீட்டம்மா பாதியிலேயே கோட்டை மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்கல்ல, அந்த அளவு."

ஆர்விட் எழுதினார். உள்ளூர்க்காரரைத் திட்டிப் பழக்கமில்லாததால் வெளியூர்க்காரர்களுக்கான நடையையே எடுத்துக்கொண்டார். டிரம்பெட் ஒரு பக்கமும் குழு மறுபக்கமும் போயின, குழு போன பக்கமே சரி என்று எழுதினார். வியாழனன்று காப்பிக்கடையில் அவரிடம், "கொஞ்சம் வித்தியாசமா எழுதியிருக்கீங்க" என்றார்கள். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசை கிடையாது.

மதியம் டாக்டரே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. ஆர்விட் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருஷமா என்னைய டிரம்பெட் ஊதுற பல் டாக்டராத்தான் நெனச்சே. எனக்குத் தெரியாதா ஆர்வி? இப்பத்தான் நியூயார்க்காரனுக்கு எழுதுற மாதிரி எழுதியிருக்கே."

"கோர்டன், அது நெசம்ப்பா. நீ மோசமாத்தான் வாசிக்கிறே."

"அதத்தான் சொல்றேன். என்னையும் ஒரு ஆளா மதிச்சுட்டே."

அந்த வாரமே கிளினிக் கைமாறியது. வேனை மார்லிஸ் ஓட்ட, டாக்டர் முதலில் ஃபார்கோவில் வாசித்தார். அங்கேயும் ஓர் உள்ளூர் விமர்சகர் இருந்தார். அவருக்கு டாக்டர் வெளியூர்க்காரர். ஆகவே மனம்விட்டுத் திட்டியிருந்தார். அதைப் படித்த சூட்டில் டாக்டர் அடுத்த ஊரான பிஸ்மார்க்கிலும் கச்சேரிக்குத் தேதி வாங்கிவிட்டார்.