அப்பாவின் காந்தல்

திண்டிவனத்தில் எங்கள் சமையலறையில் மகள் அகலமான தட்டைச் சட்டியில் ஸ்பெயின் நாட்டுச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். வலென்சியா கடற்கரை ஊரில் வேலை பார்ப்பவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். குங்குமப்பூவும் கோழிச்சாறும் மணந்தன. கடைசியில் அவள் தீயைக் கூட்டவும், அடியில் சோறு படபடவென்று பொரிந்தது.

"அடி புடிக்குதுடி!"

"புடிக்கட்டும்மா. அந்த ஊர்ல இதுக்குத்தான் அடிச்சிக்கிறாங்க."

அந்தக் கருகல் வாசனையில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா விறகடுப்பில் கோழிச்சோறு ஆக்குவாள். எங்களுக்கெல்லாம் மேல்சோறு. அப்பா கடைசியில் உட்கார்ந்து, குண்டானின் அடியில் ஒட்டிய காந்தலைக் கரகரவென்று சுரண்டுவார்.

"நல்ல சோறு போட்டுக்கினா என்னங்க?" என்பாள் அம்மா.

"புள்ளைங்க துன்னட்டும். எனக்கு இது போதும்."

அவர் இறந்த அன்று அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதான். "காந்தலைத் துன்னுக்கினே எங்கள வளத்தாரே!" கேட்டவர்களும் அழுதார்கள்.

மகள் சட்டியின் அடியைப் பெயர்த்து என் வாயில் ஒரு துண்டு வைத்தாள். மொறுமொறுவென்று இருந்தது. கோழியின் ருசியெல்லாம் அதில்தான் இறங்கியிருந்தது.

விழுப்புரத்திலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஜல்தியா கெளம்பி வாண்ணா. அப்பா நம்மள நல்லா ஏமாத்திக்கினு இருந்திருக்காரு."