வேட்டியில் அளவெடுத்த சீட்டு

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். கோபாலபுரம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பிக்கப்பின் கதவு திறந்து கிடக்கிறது. இடுப்புக்கு மேல் வண்டிக்குள்ளும் இடுப்புக்குக் கீழ் வெளியிலுமாகக் கவிழ்ந்துகொண்டு அத்தை எதையோ குடைகிறாள். முன்பக்கத்து நீளச் சீட்டைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. அதன் கால்களை இறுக்கிவைத்திருந்த நாலு போல்ட் ஓட்டைகள்தான் தரைத் தகட்டில் மிச்சம். தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியை அதன் மேல் விரித்து, இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் குங்குமத்தைத் தொட்டு அழுத்தினாள். குங்குமம் அம்மாவின் சிமிழில் எடுத்தது. அத்தையிடம் குங்குமம் கிடையாது. வெளியே வந்து வேட்டியை உதறிக் காட்டினாள். சிவப்பாக நாலு பொட்டு. "இதுதாண்டி அளவு. இதை எடுத்துண்டு போய் எந்தச் சீட்டோட கால் பொட்டு மேல உக்கார்றதோ அதுதான் நம்ம சீட்டு" என்றாள். டேப் வைத்து அளக்கலாமே என்றேன். "உங்கப்பா டேப் வெச்சுதான் ஜன்னல் திரை தெச்சார், முழங்கால் வரைக்கும் வந்துது" என்று என் வாயை அடைத்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான சுருக்கில் கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அந்த வண்டி, தாத்தா தன் அச்சகத்துக்குக் காகிதக் கட்டு ஏற்ற எந்தக் காலத்திலோ வாங்கிய, நம் ஊருக்கென்று வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த அமெரிக்க பிக்கப். அச்சகத்தை மூடிய பிறகு வாசலில் சும்மா நின்றதை, ஓட்டியே தீருவேன் என்று கற்றுக்கொண்டு ஓட்டியவள் அத்தைதான். முன்னால் ஒரே நீளச் சீட்டு. பொடிசுகள் அத்தனை பேரையும் அதில் அடைத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஓட்டிப் போவாள். அவளை ஒட்டினாற்போல் உட்காரும் உரிமை அண்ணாவுக்கு மட்டும். "என்னிக்கானும் உன் ஜானவாசத்துக்கும் நான்தாண்டா உன்னை இப்படி ஓட்டிண்டு போவேன்" என்பாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப்போகும் ஊர்வலம்தான் ஜானவாசம். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

விளையாட்டாவது! தொண்ணூறுகளின் நடுவில் அண்ணாவுக்கு மயிலாப்பூரில் பெண் நிச்சயமானதும், அத்தை நேரே அப்பா முன்னால் போய் நின்றாள். எங்கள் கல்யாணங்களில் கணவரை இழந்தவளுக்கு என்ன இடம் என்பது ஊரறிந்த சங்கதி. ஆரத்தி எடுக்கக் கூடாது, பாலிகை முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கக் கூடாது, எதிரே வந்தால்கூட முகம் சுளிக்க ஒரு பெரியம்மாவாவது இருப்பாள். அத்தை அதையெல்லாம் கேட்கவில்லை. "வண்டியை மட்டும் நான் ஓட்டறேன். இந்தக் கல்யாணத்துல எனக்குன்னு அது ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். "பெருச்சாளி குடும்பம் நடத்தின சீட்டு அது. ஸ்பிரிங் குத்தி மாப்பிள்ளை வேஷ்டி கிழிஞ்சா, சீட்டைச் சொல்ல மாட்டா, உன்னைச் சொல்வா. அபசகுனம்னுடுவா. எனக்கு அதைக் கேக்கற சக்தி இல்லை" என்றார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வண்டிக்குச் சரியான சீட்டு அமைந்தால் அத்தை ஓட்டலாம். இல்லாவிட்டால் பெண் வீட்டார் ஏற்பாடு செய்யும் திறந்த கார். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் புடவை, நகை பற்றிப் பேசவில்லை. காலை காபியிலிருந்து சீட்டு, சீட்டு, சீட்டுதான்.

புதுப்பேட்டையில் அம்மா அப்பாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அத்தையும் நானும் கிளம்பினோம். உடைத்த வண்டிகளின் சீட்டுகளை மாடி உயரத்துக்கு அடுக்கியிருந்த ஒரு கடை. அத்தை நடுத்தெருவில் வேட்டியை விரித்ததும் கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, சீட்டு வாங்க வந்தியா, துணி காயப்போட வந்தியா?" என்று கேட்டார். "உன் சீட்டுக்கு நிச்சயதார்த்தம் பண்ண வந்தேன், எறக்குய்யா" என்றாள் அத்தை. அவ்வளவுதான், அந்தத் தெருவே எங்கள் பக்கம் வந்துவிட்டது. அம்பாஸடர் சீட்டு இறங்கியது, அகலம் போதவில்லை. ஏதோ வேனின் சீட்டு அளவில் ஒத்துவந்தது. அத்தை முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். எங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், உள்ளேயே இருந்தது. முதுகு தடிமனாக இருந்தால் டேங்கில் இடிக்கும், ஆள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். முதுகு முன்னால் மடியவும் வேண்டும். ஜாக்கி வைக்கிற இடம் அதன் பின்னால்தான்.

நான் சோர்ந்து சோடா குடிக்கப் போன நேரத்தில், "அடியே, ஓடி வா!" என்று ஒரு கூச்சல். அடுக்கின் உச்சியிலிருந்து புழுதி பிடித்த ஒரு சீட்டை நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய முதுகு. மடிகிறது. வேட்டியின் மேல் வைத்தார்கள். அத்தை மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். நாலு காலும் நாலு பொட்டின் மேல்! அலுவலகத்தில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்த என் அத்தை, நடுத்தெருவில் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். "வெளிநாட்டுக்காரங்க ஆபீஸ் வண்டிதும்மா இது. ஒருத்தனும் சீந்தல. ஒனக்கோசரம்தான் குந்திகினு இருந்திச்சி" என்றார் கடைக்காரர்.

ஜி.பி. ரோட்டில் அதற்குப் புது நார் திணித்து, அரக்கு நிறத்தில் ரெக்சின் தைத்து வாங்கினோம். "மாப்பிள்ளை உக்கார்ற சீட்டு, அரக்குப் பட்டு மாதிரி இருக்கணும்" என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஜானவாசத்தன்று காலை, ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகப் பூட்டினோம். அண்ணா ஒரு பக்கம் பிடிக்க, அத்தை கவிழ்ந்து படுத்து ஸ்பானரால் இறுக்கினாள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் லீவர், ஓட்டுபவர் பக்கம் இல்லாமல் இடது கோடியில் இருப்பதை அப்போதுதான் பார்த்தோம். சீட்டு வந்த வெளிநாட்டில் ஓட்டுபவர் இடப்பக்கம் உட்காருவாராம். வேட்டி இதையெல்லாம் சொல்லவில்லை. "போறது, நீ இழு, நான் முன்னால நகர்ந்துக்கறேன்" என்றாள் அத்தை. நான் இழுத்தேன், அவள் நகர்ந்தாள், 'டக்'கென்று மாட்டிக்கொண்டது. ஊர்வல வேகத்தில் நின்று நின்று தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அத்தைதான் கூடாது என்றாள். புதுச் சீட்டில் முதல் சவாரி மாப்பிள்ளையோடுதான் இருக்க வேண்டுமாம். சந்தனம் தெளித்து, மாவிலை கட்டி, வண்டியை அப்படியே நிறுத்தி வைத்தோம். சகுனம் பார்க்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டு தவித்த அத்தையே பார்த்த சகுனம் அது!

அண்ணாவை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர் போய்ச் சேரும் வரை ஒரு குறையும் இல்லை. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாகஸ்வரம், பக்கத்தில் விளக்குகள், பின்தட்டில் நானும் கல்யாண வீட்டுக் குழந்தைகளும். அரக்குச் சீட்டில் கோட்டும் சூட்டும் மாலையுமாக அண்ணா. ஸ்டியரிங்கில் வெளிர் நீலப் பட்டுப் புடவையில் அத்தை. மாட வீதியில் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆமை வேகத்தில் போகும் ஊர்வலம். நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளட்சை மிதிக்க வேண்டும், அந்தக் கால வண்டியின் கிளட்சோ கல்லுரல் கனம். அத்தை எட்டி மிதித்தாள். சீட்டு, அத்தை, மாப்பிள்ளை, மாலை எல்லாம் சேர்ந்து 'சர்'ரென்று பின்னால் போய் டேங்கில் முட்டியது. வண்டி குலுங்கி நின்றது. குழந்தைகளுக்கு ஒரே ஆனந்தம், "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். லீவரின் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. அண்ணாதான் சமாளித்தான். சீட்டை முன்னால் இழுத்து, லீவரைக் குதிகாலால் கீழே அழுத்தினால் பல் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தான். மீதி ஊர்வலம் முழுவதும் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து வந்தான். "மாப்பிள்ளை என்ன கம்பீரம் பார்" என்று தெருவில் ஒரு மாமி சொன்னது என் காதில் விழுந்தது.

மண்டப வாசலில் இறங்கியபோது அவன் கால் கட்டையாக மரத்துப் போயிருந்தது. நொண்டி நொண்டி நடந்து மேடையேறினான். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிச்சயதார்த்தப் பத்திரிகை வாசிப்பதற்கு முன், பெண்ணின் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அப்பாவைக் கேட்டே விட்டார். "மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதானும்... எங்ககிட்ட சொல்லலியே?" அப்பா அண்ணாவின் பக்கம் திரும்பினார். அண்ணா, "சுளுக்கு" என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடித்திருந்தால் விஷயம் அமுங்கியிருக்கும். அத்தைக்கும் ஒரு பழி வந்திருக்காது. ஆனால் ஓரமாகத் தூணருகில் நின்றிருந்த அத்தை முன்னால் வந்தாள். "சுளுக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் பூட்டின சீட்டு நழுவித்து. ஓட்டற நான் மறுபடி பின்னால போயிடக் கூடாதுன்னு வழி பூரா லீவரை மிதிச்சிண்டு வந்தான். கால் மரத்துடுத்து. தப்பு என்னுது" என்றாள். பின்னாலிருந்து யாரோ, "இதுக்குத்தான் இவாளையெல்லாம்..." என்று ஆரம்பித்தார்கள். அத்தையின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஐயோ, பூமி பிளந்துவிடக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

அப்போது பெண் சிரித்தாள். மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்! சிரித்துவிட்டு நேரே அத்தையைப் பார்த்துக் கேட்டாள். "அப்போ நாளைக்கு நாம ஆத்துக்குப் போறச்சே, லீவரை யார் மிதிச்சுக்கணும் அத்தை? நானா?"

இப்போதெல்லாம் ஜானவாசம் என்றால் மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளி ஏறி, வாசலில் இறங்கி, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பலர் அதுவும் செய்வதில்லை. அத்தையும் இல்லை, வண்டியும் இல்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பெண், என் மன்னி, கேட்ட கேள்வி என் காதில் ஒலிக்கும், வாய்விட்டுச் சிரித்துவிடுவேன்.

அந்த ஜானவாசத்துக்கு மறுநாள் விடிந்ததும் அத்தை புதுப்பேட்டைக் கடைக்காரரைக் கூட்டிவந்து, சீட்டு நகரும் தண்டில் குறுக்கே போல்ட் அடித்து இறுக்கிவிட்டாள். "இனிமே யானையே இஸ்தாலும் நவுராது" என்று சொல்லிவிட்டு, அவர் கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டுப் போனார். முகூர்த்தம் முடிந்து கிளம்பும்போது பூ அலங்காரத்தோடு பெண் வீட்டுக் கார் தயாராக நின்றது. மன்னி அதைத் தாண்டிப் போய் பிக்கப்பில் ஏறி இடது கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் அண்ணா. கதவைச் சாத்தப் போனபோது கவனித்தேன்: கூரைப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, குதிகாலால் லீவரை அழுத்திக்கொண்டிருந்தாள். போல்ட் அடித்தாயிற்று என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

மயிலாப்பூரிலிருந்து கோபாலபுரம் கூப்பிடு தூரம். அத்தை வண்டியைக் கடற்கரைச் சாலைக்குத் திருப்பி, ஊரைச் சுற்றி ஓட்டினாள். பின்னால் அப்பாவின் வாடகைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில், முன்னாலேயே வந்துவிட்ட அம்மாவும் மற்ற சுமங்கலிகளும் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அத்தை வழக்கம்போல் பின்கட்டு வழியாக உள்ளே போய்விடத் திரும்பினாள். மன்னி இறங்கவில்லை. "அத்தை, நீங்க வந்து பிடிச்சுக்கணும். எனக்குக் கால் மரத்துப் போச்சு" என்றாள். அத்தை தயங்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "சீக்கிரம் போங்கோளேன், குழந்தை காத்துண்டிருக்கா" என்று அதட்டினாள். அத்தையின் தோளில் பாதி பாரத்தைச் சாய்த்து, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மன்னி எங்கள் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தாள்.